ஏழு மணி அக்காவின் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிகள்

ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏழு மணி அக்கா என்றால்தான் தெரியும். அவரைவிட முப்பது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் சொன்னார்கள். பத்தொன்பது வருடம் தினமும் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை எங்கள் உள்ளூர் வானொலியில் பேசியவர். அதில் பதினாறு வருடம், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கூட்டிக் குறைத்தவன் நான். அவருக்கு நான் தம்பி.

நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அச்சகத்தின் மாடியில் மூன்று அறைகள், அவ்வளவுதான். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அதனால் அக்கா பேசும் இரண்டு மணி நேரமும் அச்சு ஓடக் கூடாது என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அச்சகம் அவருக்குச் சோற்றுக்கு, வானொலி ஆசைக்கு. 'ஊர்க்குரல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அக்காவின் பேச்சில் அலங்காரம் எதுவும் இருக்காது. பக்கத்து வீட்டுச் சுவர் மேல் கையை ஊன்றிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். "மேட்டுத் தெருவுக்குத் தண்ணி இன்னிக்குப் பதினோரு மணிக்குத்தான். அதுக்கு முன்னாடி குளிக்க நினைச்சவங்க நினைப்பை மாத்திக்குங்க" என்பார். "பாலத்துக்கிட்ட ஒரு சாவிக்கொத்து கிடந்துச்சாம். அஞ்சு சாவி, சிவப்புக் கயிறு. தொலைச்சவர் வீட்டுக்கு வெளியிலதான் நிப்பார், பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் சொல்லிடுங்க" என்பார். சொன்ன அரை மணி நேரத்தில் ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார்.

தப்பும் நடந்திருக்கிறது. ஒருமுறை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பழைய இரும்பு வியாபாரி காலமானதாக யாரோ எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்துவிட்டார். ஐந்தாவது நிமிடம் தொலைபேசி அடித்தது. "அக்கா, நான்தான் பேசுறேன். எனக்கு இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, போகும்போது நானே சொல்லி அனுப்புறேன்" என்றார் அந்த வியாபாரி. அக்கா அதையும் ஒலிபரப்பிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஊரே சிரித்தது. அந்த மனிதர் அதன்பின் பதினோரு வருடம் இருந்தார்.

பாலத்தில் விரிசல் விழுந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். மழைக் காலம். ஒரு பேருந்து ஓட்டுநர் அக்கரையிலிருந்து பதறிப்போய்த் தொலைபேசியில் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லி எனக்குக் கைகாட்டிவிட்டு அக்கா ஒலிவாங்கியைத் திறந்தார். "பாலத்துப் பக்கம் யாரும் போகாதீங்க. போயிட்டு இருக்கிறவங்க வண்டியைத் திருப்புங்க. ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்." இரண்டு பள்ளி வாகனங்கள் திரும்பின. பத்து மணிக்குப் பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. அன்று மாலை முதலாளி மாடிக்கு வந்து, தன் கையாலேயே எங்கள் இருவருக்கும் டீ கொடுத்துவிட்டுப் போனார்.

முதலாளி இறந்த அடுத்த வருடம், வெளியூரில் இருந்த பிள்ளைகள் நிலையத்தை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அந்த நிறுவனத்துக்குப் பதினொரு ஊர்களில் வானொலி இருந்தது, நாங்கள் பன்னிரண்டாவது. ஒரே வாரத்தில் 'ஊர்க்குரல்' பலகை இறங்கி, 'பளிச் எஃப்.எம்.' என்று ஊதா நிறத்தில் ஒரு பலகை ஏறியது. பழைய பலகையைக் கீழே அச்சகத்தில் காகிதக் கட்டு அடுக்கப் போட்டுக்கொண்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். எதற்கெடுத்தாலும் எனர்ஜி, எனர்ஜி என்பான். அதனால் அக்கா அவனுக்கு எனர்ஜி என்றே பெயர் வைத்துவிட்டார்.

"மேடம், நீங்க ஊருக்கே பேசுற மாதிரி பேசுறீங்க. ஒரே ஒருத்தருக்குப் பேசணும். ஒரு பொண்ணு. இருபத்தெட்டு வயசு. வேலைக்குப் போறா. வாழ்க்கையை ரசிக்கிறவ. அவளுக்குச் சொல்லுங்க" என்றான் எனர்ஜி.

"அந்தப் பொண்ணு நம்ம ஊர்ல எந்தத் தெரு?"

"அப்படி இல்ல மேடம். அவ எல்லா ஊர்லயும் இருப்பா."

"அப்ப அவ வீட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விடுறதுன்னு சொல்ல முடியாதே" என்றார் அக்கா.

எனர்ஜி சிரித்தான். ஆனால் அவன் கையிலிருந்த தாளில் இருந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு விநாடிக்கு மேல் பேசக் கூடாது. ஊர்ப் பெயர், தெருப் பெயர் சொல்லக் கூடாது. தண்ணீர், மின்வெட்டு, சாவு, காணாமல் போனவை கூடாது. நேயர்களின் தொலைபேசி இனி தலைமை அலுவலகத்துக்குப் போகும். எங்கள் மேசை மேலிருந்த தொலைபேசியைக் கழற்றி எடுத்தபோது, அந்த இடத்தில் மட்டும் மரம் வெளுக்காமல் இருந்தது.

அக்காவின் கணவர் தையற்காரர். வீட்டு முன்னறையிலேயே இயந்திரம் போட்டிருந்தார். "விட்டுட்டு வா. காஜா எடுக்க எனக்கும் ஒரு ஆள் வேணும்" என்று அப்போதே சொன்னார். "எல்லாம் மாறும்போது கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துப் பாக்கலாம்" என்றார் அக்கா. இப்போது யோசித்தால், அவர் பொறுத்தது தனக்காக இல்லை என்று தோன்றுகிறது. தான் எழுந்து போய்விட்டால் அந்த நாற்காலியில் யாருமே உட்கார மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகுதான் பதிவு வேலை வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிகள், கட்டுக் கட்டாகத் தாளில். "நீங்க லீவு போட்டா, உடம்புக்கு முடியலைன்னா ஓட விடறதுக்கு மேடம்" என்றான் எனர்ஜி. நான்கு நாள் அக்கா அந்த அறைக்குள்ளேயே இருந்தார். முதலில் மணி. ஏழு ஒன்று, ஏழு இரண்டு என்று நாள் முழுவதற்கும், நிமிடம் நிமிடமாக. பிறகு மழைக்கு ஒரு கட்டு, வெயிலுக்கு ஒரு கட்டு, திங்கட்கிழமைச் சலிப்புக்கு ஒரு கட்டு. நான்காம் நாள் தொண்டை கட்டி, இருமல் மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு வாசித்தார். ஒவ்வொன்றையும் வெட்டி, எந்த நேரம், எந்த வானிலை என்று குறிப்பெழுதிக் கணினியில் ஏற்றியவன் நான். குரல் உரிமை என்று ஒரு தாள் வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "எல்லா எடத்துலயும் வாங்குறதுதானாம்கா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. இரண்டே பத்தி. முதல் பத்தியில் நன்றி, இரண்டாவதில் வேலை இல்லை.

என்னை வைத்துக்கொண்டார்கள். இனி இரண்டு நிலையங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு நாள், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த இன்னொரு ஊரில் மூன்று நாள். மீதி நேரம் அறை பூட்டியே கிடக்கும். கணினி மணியையும் வானிலையையும் பார்த்துத் தானே வரிகளைப் பொறுக்கிக் கோர்க்கும். வாசலில் ஒரு காவலாளியைப் போட்டார்கள், உள்ளே யாரும் இல்லாத வீட்டைக் காக்க.

அக்காவின் குரல் மட்டும் நிற்கவே இல்லை. முன்பு இரண்டு மணி நேரம் வந்தது, இப்போது நாளெல்லாம் வந்தது. "என்னக்கா, இப்பத்தான் ரேடியோவுல மணி சொன்னீங்க, அதுக்குள்ள வெங்காயம் வாங்க வந்துட்டீங்க?" என்று காய்கறிக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். முதலில் அக்காவும் சிரித்துக்கொண்டு, அது மெஷின் என்று விளக்கினார். எத்தனை பேருக்கு விளக்குவது? "பெரிய கம்பெனிக்குப் போனதும் நம்ம தண்ணிக் கஷ்டமெல்லாம் உங்களுக்குச் சின்னதாப் போச்சு" என்று ஒரு அம்மா தெருவில் நிறுத்திக் கேட்டாள். அதோடு அக்கா விளக்குவதை விட்டுவிட்டார். வீட்டில் தையற்காரர் வானொலியைத் துணி போட்டு மூடி அலமாரி மேல் ஏற்றினார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதை எதைப் போட்டு மூடுவது?

இப்படி ஏழு மாதம் போனது.

அது ஒரு புதன்கிழமை. ஆற்றோரம் இருந்த ஐஸ் ஆலையில் காலை ஏழேகாலுக்கு அமோனியாக் குழாய் ஒன்று வெடித்தது. ஆலையில் வேலை செய்த ஒருவரின் மனைவி, நிலையத்தின் பழைய எண் கிடைக்காமல், உடனே அக்காவின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு, அடுத்ததாக அவளுக்குத் தோன்றியது அக்காதான்.

"அக்கா, ஐஸ் ஆலைல குழாய் வெடிச்சிருச்சு. காத்து கீழ்த்தெருப் பக்கம் அடிக்குதாம். சீக்கிரம் ரேடியோல சொல்லிடுங்கக்கா."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டார் அக்கா. வைத்த பிறகுதான் தன்னிடம் வானொலி இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது.

கணவரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். வாசலில் காவலாளி. கதவில் பூட்டு. சாவி என்னிடம், நான் அந்த இன்னொரு ஊரில். காவலாளியின் கைபேசியிலிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பூட்டை உடைக்கச் சொல்லட்டுமா? மைக்கை எப்படித் திறக்கிறதுன்னு மட்டும் சொல்லு."

"அக்கா, உள்ள மைக்கே இல்லைக்கா. போன மாசமே கழட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

அப்போது காவலாளியின் மேசையிலிருந்த சின்ன வானொலி எனக்கும் கேட்டது. அக்காவின் குரல், சிரித்த முகத்தோடு சொல்கிற குரல். "என்ன அழகான காலை. ஜன்னலை எல்லாம் நல்லாத் திறந்து விடுங்க. வெளிக்காத்து கொஞ்சம் உள்ள வரட்டும்." பிறகு பாட்டு.

அந்த வரி எனக்கு நினைவிருந்தது. நான்காம் நாள் பதிவு. 'காலை, தெளிந்த வானம்' என்று குறிப்பு எழுதியது நான்.

அக்கா கைபேசியைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு கீழ்த்தெருப் பக்கம் போனார் என்று அந்தக் காவலாளிதான் பிறகு சொன்னார். நான் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"புகார் எண் இருக்கா சார்?"

"புகார் இல்லம்மா. இங்க விஷ வாயு கசியுது. ஒலிபரப்பை நிறுத்தி ஒரு அறிவிப்புக் கொடுக்கணும். ஆள் செத்துருவாங்க."

"புரியுது சார். அதைப் பதிவு பண்ணத்தான் எண் கேக்குறேன்."

ஒருவரிடமிருந்து ஒருவராக மாற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் வந்த அதிகாரி, இங்கிருந்து அறிவிப்புக் கொடுத்தால் பன்னிரண்டு ஊருக்கும் சேர்ந்துதான் போகும், ஒரு ஊருக்காக மற்ற பதினொன்றையும் பயமுறுத்த முடியாது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கேட்டுச் சொல்லவே இல்லை. எட்டேகாலுக்குத் தீயணைப்பு வண்டி ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்தது.

இடையில் இருந்த நாற்பது நிமிடமும் அக்கா தெருவில்தான் இருந்தார். முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கத்தினார். "கதவைச் சாத்துங்க. ஓட முடிஞ்சவங்க மேட்டுத் தெருவுக்குப் போங்க. துணியை நனைச்சு மூக்குல வைங்க." கத்தும்போதெல்லாம் துணியை விலக்க வேண்டியிருந்தது. குரல் தெரிந்த குரல் என்பதால் பலர் உடனே கிளம்பினார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்று, "என்னக்கா குழப்புறீங்க, நீங்கதானே இப்ப ஜன்னலைத் திறக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாராம். அக்கா அவரைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளியிருக்கிறார். மூன்று சந்துகளை முடித்து நான்காவதில் திரும்பும் இடத்தில் விழுந்துவிட்டார்.

ஆறு பேர் இறந்தார்கள். அக்கா இருபத்திரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். கண் தப்பியது. தொண்டை வெந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்தான். கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால்தான் வார்த்தை புரியும். வெளியே தெருவில் அவருடைய பழைய குரல் கணீரென்று மணி சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஜன்னல் வரியை, குழாய் வெடித்த அன்றைக்கே நான் என் கையால் அழித்துவிட்டேன். மற்றவற்றில் கை வைக்க எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி.

வீடு திரும்பிய ஐந்தாம் நாள், நான் அங்கே இருந்தபோதுதான், அந்த நான்காவது சந்துக்காரர் ஒருவர் வந்தார். சலவைக் கடையில் வேலை பார்ப்பவர். இறந்த ஆறு பேரில் அவருடைய மனைவியும் ஒருத்தி. ஆஸ்துமாக்காரி. தையற்காரர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை.

"நான் அன்னிக்கு ஆறு மணிக்கே வேலைக்குப் போயிட்டேன். குளிர்னு ராத்திரி ஜன்னலைச் சாத்தியிருந்தோம். போய்ப் பாத்தப்ப ரெண்டு ஜன்னலும் திறந்திருந்துச்சு. கொக்கி மாட்டி, நல்லா அகலத் திறந்திருந்துச்சு" என்றார்.

அக்கா தலையசைத்தார்.

"அவ நீங்க சொல்றதைத் தட்ட மாட்டா. தண்ணி பிடிச்சு வைக்கச் சொன்னா பிடிச்சு வைப்பா. குடை எடுத்துட்டுப் போங்கன்னு நீங்க சொன்னா என் கையில குடையைத் திணிப்பா."

"அது பதிவுங்க. ஏழு மாசத்துக்கு முந்தினது. அக்காவை வேலையை விட்டே..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். பிறகு அந்த மனிதரைக் கிட்டே வரச் சொல்லிக் கைகாட்டினார். அவர் குனிந்தார்.

"என் குரல்தான். நான்தான் சொன்னேன்" என்றார் அக்கா.

"அந்த நேரத்துல நீங்க தெருவுல இருந்தீங்கன்னும் சொல்றாங்க."

"இருந்தேன்."

"எங்க சந்துக்கு வரலையே."

"வர்றதுக்குள்ள முடியலை."

அவர் நிமிர்ந்து நின்றார். தையற்காரர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதைக் கையில் வாங்கி, குடிக்காமல் தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊரிலேயே இல்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

விசாரணை நடந்தது. ஐஸ் ஆலையின் துருப்பிடித்த குழாயைப் பற்றியே பெரும்பாலும் பேசினார்கள். வானொலிக்காக அரை நாள் ஒதுக்கினார்கள். நிறுவனத்தின் வக்கீல், தாங்கள் நடத்துவது கேளிக்கைச் சேவை, எச்சரிக்கைச் சேவை அல்ல என்றார். அக்காவை நிற்கவைத்து, "அந்த வரியை யாரும் கட்டாயப்படுத்தாம, முழு சம்மதத்தோடதானே பதிவு பண்ணீங்க?" என்று கேட்டார். அக்கா சொன்ன பதில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. எழுத்தர் எழுந்து வந்து காதைக் கொடுத்து, "ஆமாம்" என்று குறித்துக்கொண்டார்.

என்னையும் கூப்பிட்டார்கள். அந்த நேரத்துக்கு அந்த வரியைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார் விசாரணை அதிகாரி. கணினி என்றேன். கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்றார். வக்கீல் குறுக்கிட்டு, அது தொழில்நுட்ப விவரம், இந்த விசாரணைக்குத் தேவையில்லை என்றார். அதிகாரி அதை விட்டுவிட்டார். நான் வாயைத் திறந்து நானே சொல்லியிருக்கலாம். சம்பளம் வாங்கும் வாய், திறக்கவில்லை. அறிக்கையில் ஐஸ் ஆலை மேலாளருக்குத் தண்டனை வந்தது. வானொலியைப் பற்றி இரண்டு வாக்கியம் இருந்தது. இரண்டாவது வாக்கியம், எதிர்காலத்தில் கவனம் தேவை என்பது.

அக்காவின் குரல் அதன்பிறகும் ஐந்து மாதம் ஓடியது. பிறகு பன்னிரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு புதுக் குரல் வந்தது. சுறுசுறுப்பான பெண் குரல். மாறியதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதற்குள் பலர் வானொலி போடுவதையே விட்டிருந்தார்கள். நானும் அந்த வருடக் கடைசியில் வேலையை விட்டேன். விட்ட பிறகு வீரம் வந்து விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கோப்பு முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது.

அக்கா இப்போது கணவரோடு பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைக்கிறார். கடைக்குப் போனால் வேண்டியதைத் தாளில் எழுதி நீட்டுகிறார். கீழ்த்தெரு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். அன்றைக்கு அவர் பிழைக்கவைத்தவர்கள் முதலில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களும் வருவதில்லை. அவரைப் பார்த்தால் அவர்களுக்கும் அந்த நாள்தானே நினைவுக்கு வரும்.

போன மாதம் போயிருந்தேன். தையற்காரர் ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இயந்திரச் சத்தத்தில் அவர் பேசுவது கேட்கவில்லை. தையற்காரர் அதைப் பார்த்துவிட்டு மிதிப்பதை நிறுத்தினார்.

"அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தையும் அழிச்சிட்டாங்களா?" என்று கேட்டார் அக்கா.

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. "தெரியலைக்கா. தலைமை ஆபீஸ்ல ஒரு பிரதி வச்சிருப்பாங்க. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"எங்கயாவது ஓட்டுவாங்களா?"

"ஓட்டலாம். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல எந்த ஊருக்கு, எத்தனை காலத்துக்குன்னு எதுவும் போடலை. நான் அன்னிக்கே படிச்சுச் சொல்லியிருக்கணும்."

அக்கா ஊசியில் நூலைக் கோர்த்து, நுனியைப் பல்லால் கடித்தார். "நீ மட்டுமா" என்றார். தையற்காரர் மறுபடி இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.